சொட்டு வழக்கு

எங்கள் வீட்டுக்கும் மேலவீட்டுக்கும் நடுவே இரண்டரை அடி அகலத்தில் ஒரு சந்து. அதில் ஆள் நடக்க முடியாது. பூனை நடக்கும், சாரல் காலத்தில் தண்ணீர் நடக்கும். இலஞ்சிப் பக்கத்துத் தெருக்களில் இப்படி ஒரு சந்து இல்லாத வீடு குறைவு. அந்தச் சந்தால் மனக்கசப்பு இல்லாத வீடு அதைவிடக் குறைவு.

1971ஆம் வருஷத்து ஆடி. எனக்குப் பதினொரு வயசு. குற்றாலத்துச் சாரலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது மழையில் சேர்த்தி இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிற காற்று, கேரளத்தில் கொட்டித் தீர்த்தது போக மிச்சம் வைத்திருப்பதை நம் தலையில் தூவிவிட்டுப் போகும். வெளியூர்க்காரர்கள் அதற்காக ரயிலேறி வருவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் துணி காயாது, விறகு எரியாது, ஓட்டுக்கூரையின் இறவாரம் ராப்பகலாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் இறவாரம் சந்துப் பக்கம் ஒரு சாண் கூடுதலாகவே நீண்டிருந்தது. அதிலிருந்து விழுந்த தண்ணீர் மேலவீட்டுச் சுவரின் காலை அரித்தது.

மேலவீட்டு மாமா (சொந்தமில்லை, தெரு முறையில் மாமா) தாத்தாவிடம் வந்து சொன்னார். தாத்தா கேட்டுக்கொண்டார். மறுநாளும் வந்து சொன்னார். தாத்தா மறுநாளும் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் கிராம முன்சீப் வந்தார்.

வந்தார் என்பதுதான் விஷயம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்தார். சொட்டு குடைமேல் விழுந்தது. குடையை மடக்கிவிட்டு உள்ளங்கையை நீட்டி அதில் விழவிட்டுப் பார்த்தார். பிறகு கால் கட்டைவிரலால் சேற்றில் ஒரு கோடு இழுத்தார்.

“இங்கன ஒரு கருங்கல்லப் போடு. இங்கேருந்து வாறுகாலுக்கு ஒரு ஓடை வெட்டி விடு. செலவு ஆளுக்குப் பாதி. என்ன, சரிதானவே?”

சரிதான் என்றார்கள் இருவரும். முன்சீப் எங்கள் வீட்டில் ஒரு காப்பி குடித்தார். வருத்தம் வரக்கூடாது என்று மேலவீட்டிலும் ஒன்று. மொத்தம் கால் மணி நேரம், இரண்டு காப்பி. பத்து வருஷம் அந்தக் கல் வாய் பேசாமல் கிடந்தது.

அவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1816இலேயே கும்பினி சர்க்கார் சின்னத் தாவாக்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கிராமத் தலைவர்களிடம் ஒப்படைத்துவிட்டது. அப்போது 10 ரூபாய் வரை. பிறகு வந்த கிராமக் கோர்ட்டுச் சட்டத்தில் 20 ஆகி, அப்புறம் 50 ஆயிற்று. என் காலத்து முன்சீப் தீர்வை வசூலிப்பார், பிறப்பு இறப்பு எழுதுவார். வழக்குத் தீர்ப்பதெல்லாம் பழைய பழக்கத்தின் மிச்சம். இருந்தாலும் ஊர் அவரைத்தான் தேடிப் போயிற்று. வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், பஸ்ஸேற வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் “அந்தக் காலம் போல வருமா” என்று பெருமூச்சு விட நாலு பேர் உண்டு. என் மனைவி முதல் ஆள். ஆனால் அதே வருஷம் பங்குனியில், பிசான அறுப்பு முடிந்த சமயம், அதே முன்சீப் வீட்டு வாசலில் வேறொன்றும் பார்த்திருக்கிறேன். கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். அறுப்புக் கூலியில் இரண்டு மரக்கால் நெல் குறைத்து அளந்துவிட்டார்கள் என்று பிராது. எங்கள் தாத்தா போனால் திண்ணையில் பாய் விரிப்பார்கள். அவள் நடுத்தெருவில் வெயிலில் நின்றுகொண்டு, திண்ணையைப் பார்த்துக் குரலை உயர்த்தவும் முடியாமல் தாழ்த்தவும் முடியாமல் சொன்னாள்.

“நான் சொல்லுதேன், நீ போ” என்றார் முன்சீப்.

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ, நெல் வரவில்லை. அளந்து பார்க்க அவர் எந்தக் களத்துக்கும் குடை பிடித்துப் போகவுமில்லை. அவளுடைய வழக்கும் கால் மணி நேரத்தில் முடிந்தது. செலவே இல்லை, காப்பிகூட இல்லை.

கிராமத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்த அதே 1816ஆம் வருஷத்து இன்னொரு சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சில்லறைக் குற்றத்துக்குச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆள் ‘தாழ்ந்த சாதி’ என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். சாதியைப் பார்த்துத் தண்டனையை அளக்க மரக்கால் ஒன்றைச் சட்டமே கையில் கொடுத்திருந்தது. எங்களுக்கு மலிவாகக் கிடைத்த நீதி வேறு யாரோ விலை கொடுத்தது என்று பதினொரு வயசில் தெரியாது. அறுபத்தைந்தில் தெரிகிறது; தெரிந்து என்ன செய்ய என்பதுதான் தெரியவில்லை.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பரம்பரைப் பாத்தியதை போயிற்று. அவர்கள் இடத்துக்குப் பரீட்சை எழுதிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நல்ல காரியம். ஆனால் குடை பிடித்துச் சந்துக்குள் வரும் வேலையை யாருக்கும் ஒதுக்க மறந்துவிட்டார்கள். அடுத்த வருஷச் சாரலில் கருங்கல் ஒரு பக்கமாக இறங்கியது, மேலவீட்டுச் சுவர் மறுபடி நனைந்தது, மாமா நேரே வக்கீலிடம் போய்விட்டார்.

தாத்தா அப்போது இல்லை. அப்பா பிரதிவாதி ஆனார்.

கோர்ட்டு எது, வக்கீல் யார் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கோர்ட்டு, அவ்வளவு போதும். வழக்கின் சாரத்தை மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் என்னால் சாக முடியாது.

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்தவன் இடத்தில் இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையாக விழுந்துகொண்டிருந்தால், அப்படியே விழுந்துகொண்டிருக்க அந்த வீட்டுக்கு உரிமை வந்துவிடும். 1959இல் ஓடு போட்டோம், இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று என்றார் எங்கள் வக்கீல். 1963இல்தான் போட்டார்கள், பதினெட்டே வருஷம் என்றார் அவர்கள் வக்கீல். ஒரு ஓட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனோம். அதன் முதுகில் கம்பெனி பெயர் இருந்தது, ஊர் இருந்தது, ஒரு யானைகூட இருந்தது. வருஷம் இல்லை.

அப்படியானால் அதற்கு முன்னால் ஓலைக்கூரை இருந்ததே, அதிலிருந்தும் தண்ணீர் விழுந்ததே என்று எங்கள் வக்கீல் ஒரு போடு போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து எங்கள் சாட்சியைக் கேட்ட கேள்வியைத் தெருவே ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது: “ஓலையிலிருந்து சொட்டிய சொட்டும் ஓட்டிலிருந்து சொட்டும் சொட்டும் ஒரே சொட்டுதானா?” எங்கள் சாட்சி தென்னை ஏறுகிறவர். நெடுநேரம் யோசித்தார். “ஓலைச் சொட்டு கொஞ்சம் செவப்பா இருக்கும் எஜமான்” என்றார்.

ஸ்தலத்தைப் பார்க்கக் கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. இளம் வக்கீல், பாவம், மனுப் போட்டு உத்தரவாகி அவர் வந்து சேர்ந்தது சித்திரை மாசம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்பா ஏணி போட்டு ஏறிக் குடத்தால் கூரையில் தண்ணீர் ஊற்றிக் காட்டப் போனார். ‘குடத்துத் தண்ணீர் மழையாகாது’ என்று அவர்கள் வக்கீல் ஆட்சேபித்தார். ‘ஆய்வு செய்த நாளில் சொட்டு எதுவும் காணப்படவில்லை’ என்று கமிஷனர் அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

மே மாசம் கோர்ட்டுக்கு விடுமுறை. ஜூனில் திறக்கும். ஜூனில்தான் குற்றாலத்தில் சீசனும் திறக்கும். எங்கள் சாட்சிகளில் ஒருவர் ஐந்தருவிப் பக்கம் சீசன் கடை போடுகிறவர். இன்னொருவர் மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அந்த மூன்று மாச வரும்படியில் மீதி ஒன்பது மாசம் சாப்பிடுகிறவர்களைச் சொட்டைப் பற்றிச் சாட்சி சொல்ல வா என்று கூப்பிட முடியுமா? வாய்தா. மெட்ராஸிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கினால் வக்கீல்களும் மனுஷர்கள்தானே? வாய்தா. வக்கீலுக்குப் படித்துவிட்டுக் கோர்ட்டை மறந்து, கம்பனே கதியென்று குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை நான் இந்த விஷயத்தில் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்தக் காற்றில் எவன் கறுப்புக் கோட்டு மாட்டுவான்?

அப்பாவும் மாமாவும் வாய்தாவுக்கு ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவார்கள். வேறு பஸ் கிடையாது. ஒரு தடவை டிக்கெட் அப்பா எடுத்தால் அடுத்த தடவை மாமா. இதைக் கேள்விப்பட்ட வக்கீல் அப்பாவைக் கூப்பிட்டு, “வாதியும் பிரதிவாதியும் ஜோடியா வந்து இறங்கினா கேஸ் என்னத்துக்கு ஆகும்?” என்று சத்தம் போட்டார். அதற்கப்புறம் அப்பா ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து போவார். திரும்பும்போது மாமா ஒரு ஸ்டாப் தாண்டி வந்து ஏறிக்கொள்வார். பஸ்ஸுக்குள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, வக்கீல்கள் வாங்குகிற ஃபீஸை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

1988இல் ஓடு ஒழுக ஆரம்பித்தது. அப்பா கூரையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டார். மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருப்பக்கம் இறக்கினார். சந்தில் ஒரு துளி விழவில்லை. இனி வழக்கு எதற்கு என்று போய்க் கேட்டார். “சொட்டு நின்னாலும் சொட்டுத உரிமை நிக்குமா? அது நிக்காதுல்லா” என்றார் வக்கீல். சொட்டாத சொட்டுக்காக இன்னும் ஐந்து வருஷம் நடந்தது. 1993இல் தீர்ப்பு வந்தது: ஓட்டு இறவாரத்திலிருந்து தண்ணீரை விழவிட எங்களுக்குப் பாத்தியதை இல்லை, இனி விழவிடக் கூடாது, செலவு அவரவருடையது. ஓட்டை அப்பா நாலு வருஷம் முன்னாலேயே செங்கோட்டைக்காரர் ஒருவருக்கு மாட்டுக்கொட்டகை போட விற்றிருந்தார்.

அப்பீல் பண்ணலாமா என்று ஒரு ராத்திரி பேச்சு வந்தது. முதல் அப்பீல் பக்கத்தில். அதற்கு மேல் என்றால் மெட்ராஸ் ஹைகோர்ட்டு. கொல்லம் மெயிலில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகவேண்டும், அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அப்பா கணக்கு நோட்டை எடுத்தார். வக்கீல் ஃபீஸ், குமாஸ்தாவுக்கு, கமிஷனருக்கு, நகலுக்கு, சாட்சிப்படி, பஸ், காப்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு 4,317 ரூபாய் 60 பைசா. நோட்டின் முதல் பக்கத்தில் 1981ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று இருந்தது: ‘இறவாரத்துக்குத் தகரத்தில் வாய்க்கால் அடித்து மாட்ட, கூலி உள்பட 85 ரூபாய்.’ அப்பா நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போனார்.

அதற்கப்புறம் நாட்டில் தூரம் எல்லாம் குறைந்தது. நியாயமாகச் சொல்லவேண்டும், நிறையவே குறைந்தது. தாத்தா காலத்தில் பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டையே வேற்று சமஸ்தானம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் வகை, வேறு சர்க்கார், வேறு கோர்ட்டு. 2004 ஜூலை 24இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறந்தது. அறுநூறு கிலோமீட்டர் நூற்று அறுபதாயிற்று. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. கலெக்டரைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போன ஐம்பது கிலோமீட்டரும் மிச்சம். பணத் தாவாவுக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழரை என்ற எண்ணை யார் தேர்ந்தெடுத்தாரோ, அனுபவஸ்தர். 2017இல் அதை 3 ஆக்கினார்கள். இப்போது வழக்கின் வாய்தா தேதி செல்போனிலேயே தெரிகிறது. பதினாறு எழுத்தில் வழக்குக்கு ஒரு எண் உண்டு, அதைத் தட்டினால் போதும். வாய்தா வாங்கப் போகிற தூரம்தான் குறைந்தது. வாய்தா தன் உயரத்துக்கு அப்படியே இருக்கிறது.

நான் தபால் இலாகாவில் வேலை பார்த்தவன். முப்பத்தாறு வருஷத்தில் எத்தனை வக்கீல் நோட்டீஸ், எத்தனை சம்மன் என் கைவழியே போயிருக்கும். ‘கதவு பூட்டியிருந்தது’, ‘வாங்க மறுத்தார்’ என்று நானே எழுதித் திருப்பியிருக்கிறேன். ரிட்டயராகி ஊருக்குத் திரும்பியபோது மேலவீட்டு மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மாமாவின் பேரன் இருந்தான். கம்ப்யூட்டர் வேலை. கொரோனா நாளில் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று வந்தவன் சாரலில் சொக்கி இங்கேயே தங்கிவிட்டான். எனக்கு மருமகன் முறை. நல்ல பிள்ளை. 2021இல் மாடி அறைக்கு ஏசி மாட்டினான்.

ஏசித் தண்ணீர் இறங்கும் குழாயைச் சந்துப் பக்கம் ஒரு சாண் நீட்டி விட்டிருந்தார்கள். அடியில் எங்கள் பின்கட்டுத் தகரக் கூரை. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கும். டக். நாம் அடுத்ததை எதிர்பார்க்கும்போது வராது. எதிர்பார்ப்பதை விட்டதும் டக். என் மனைவி எழுந்து உட்கார்ந்து, “உங்க தாத்தா செஞ்ச பாவம்” என்பாள்.

அன்று நாங்கள் பிரதிவாதி. ஐம்பது வருஷம் சந்தில் காத்திருந்து, இன்று வாதியாக ஆகியிருந்தோம். பயலிடம் சொன்னேன். “பாக்கேன் மாமா” என்றான். மறுநாளும் சொன்னேன். “பிளம்பர் வரணும் மாமா” என்றான். அடுத்த சித்திரையிலும் அதற்கடுத்த சித்திரையிலும் பிளம்பர் வரவேண்டியிருந்தது. எனக்கோ 1882ஆம் வருஷச் சட்டம் ராத்திரியெல்லாம் கண்முன்னால் வந்தது: 2021இல் இருபதைக் கூட்டினால் 2041. அதுவரை சும்மா இருந்தால் அவனுக்குச் சொட்டும் உரிமை வந்துவிடும். எனக்கு அப்போது எண்பத்தொன்று.

போலீசில் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். “இது சிவில் மேட்டர் அண்ணாச்சி” என்றார். ஒரு திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தேன். எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. மனுவுக்கு நம்பர் வந்தது, செல்போனுக்குச் செய்தி வந்தது, உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது. உரிய அலுவலர் அடுத்த தெருவில் இருந்தார். அவர் மேலதிகாரிக்கு எழுதிய பதிலில் ‘சிவில் மேட்டர்’ என்று இருந்தது. தபால்காரன் என்ற முறையில் அந்த மனுவின் பிரயாணத்தை நான் ரசித்தேன். கடைசியாக ஒரு வக்கீலைப் பார்த்தேன், நேர்மையானவர். “சார், என் ஃபீஸுக்கு நீங்களே ஒரு ஏசி வாங்கிரலாம். சன்னலைச் சாத்திக்கிட்டா சத்தம் கேக்காது” என்றார்.

ஊரில் தண்ணீருக்கு வழக்கே நடக்காமல் இல்லை. குற்றாலத்து அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று மதுரைக் கிளை தடை போட்டது. எங்கள் பழைய சாட்சியின் தொழில் போனது அதில்தான். அருவிக்குக் கோர்ட்டு உண்டு. சொட்டுக்குத்தான் இல்லை.

இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது. 2008இல் பாராளுமன்றம் கிராம நியாயாலயச் சட்டம் போட்டது. 2009 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, அமலுக்கு வந்தது. படித்துப் பார்த்து நான் கண்கலங்கிவிட்டேன். நீதிபதி வண்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார். சிவில் வழக்குக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் 100 ரூபாய்க்கு மேல் கட்டணம் கிடையாது. முதலில் சமாதானம் பேசிப் பார்க்கவேண்டும். வாதம் முடிந்த பதினைந்து நாளில் தீர்ப்பு. ஒரு கோர்ட்டு தொடங்க மத்திய அரசு ஒரு தடவை 18 லட்சம் தரும் என்று அறிவித்தது. கட்டடத்துக்கு 10, வண்டிக்கு 5, மேசை நாற்காலிக்கு 3. குடை பிடித்து வந்த முன்சீப்பை, திண்ணைப் பாயைக் கழித்துவிட்டு, சட்டம் படிக்க வைத்து, ஜீப்பில் ஏற்றி அனுப்புகிற யோசனை. கீழத்தெரு அம்மாவின் களத்துக்கும் அந்த ஜீப் போயாகவேண்டும். கேரளம் முப்பது வைத்திருக்கிறது. ஆரியங்காவைத் தாண்டினால் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட அமைக்கவில்லை. தாலுகா தோறும் கோர்ட்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஜீப்புதான் இல்லை. சாரல் மட்டும்தான் மலை தாண்டி வருகிறது.

என் அக்கா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே 1985 முதல் சிறுகோரல் மன்றம் உண்டு. இப்போது 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் உள்ளே வரவே கூடாது. வீட்டுக்கு வெள்ளையடிக்க முன்பணம் வாங்கிவிட்டு வராமல் போனவனிடமிருந்து பணத்தை வாங்கிவிட்டான். வக்கீலை உள்ளே விடாத கோர்ட்டு என்றதும் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. “அப்ப வாய்தா யார் கேப்பா?” என்றார் ஒருவர்.

போன சித்திரையில் 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டேன். சட்ட உதவிக்கான இலவச எண். 1987ஆம் வருஷச் சட்டம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம். நான் அதில் சேர்த்தி இல்லை. என் மனைவி சேர்த்தி. மனு அவள் பெயரில் போயிற்று. வழக்கே போடாமல், முன்கூட்டியே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாம், முடிந்தால் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து எழுதிக்கொடுப்பார்கள், கோர்ட்டு டிகிரி மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது என்றார்கள். ‘அப்பீல் கிடையாது’ என்ற வார்த்தையை அப்பா கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் சட்டத் தன்னார்வலர் என்று ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை. எந்தத் தெரு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பழக்கம். “கீழத்தெரு” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். பிறகு அந்தப் பெண் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, அண்ணாந்து குழாயைப் பார்த்து, போனில் போட்டோ எடுத்தாள். பகல் பதினொரு மணி, ஏசி ஓடவில்லை. ஆனாலும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள்.

“குழாய ரெண்டு முழம் நீட்டி வாறுகால்ல விட்டாச் சரியாப் போகும்லா?” என்றாள்.

போகும் என்றேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டாள். எண்பத்தைந்து ரூபாய் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, இருநூறு ஆகலாம் என்றேன்.

இரண்டு தரப்பும் ஆஜராகத் தேதி போட்டு நோட்டீஸ் வந்தது. ஜூன் கடைசி. நான் சும்மா இருக்கவில்லை, சாட்சியம் சேகரித்தேன். ஒரு ராத்திரி செல்போனைத் தகரத்துக்கு அடியில் வைத்து இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி சத்தத்தைப் பதிவு செய்தேன். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, போன் பதிவு என்றால் அதோடு ஒரு சான்றிதழ் வைக்கவேண்டும் என்று என் மகன் பயமுறுத்தினான். சமாதானம் பேசுகிற இடத்தில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றேன். ‘ஓலைச் சொட்டா, ஓட்டுச் சொட்டா’ என்று கேட்டவர்களின் வாரிசுகள் இன்னும் கறுப்புக் கோட்டோடு நடமாடுகிறார்களே என்றுதான் உள்ளூரப் பயம்.

ஜூன் முதல் வாரம் காற்று திரும்பியது. மலை மறைந்தது. மெயின் அருவியில் தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று டிவியில் சொன்னார்கள். துணி காயவில்லை. மேலவீட்டில் ஏசி நின்றது. ராத்திரி தகரத்தில் சாரல்தான் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. அதற்கு யாரைப் பிரதிவாதியாகப் போட?

தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் மருமகன் வந்தான். கையில் நோட்டீஸ்.

“மாமா, ஏசிய நிறுத்தி இருபது நாளாச்சி. இப்பப் போயி என்னத்தக் காட்டுவீங்க?”

செல்போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். டக். இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தோம். டக்.

“எங்க ரூம்ல இது கேக்கவே கேக்காது மாமா” என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு. பிறகு தலையைச் சொறிந்தான். “பிளம்பருக்கும் சீசன்ல லாட்ஜு வேல. ஒருத்தனும் வரமாட்டான். அடுத்த சித்திரைக்கு ஒரு வாய்தா வாங்கிக்கிடுவமா?”

“அதெல்லாம் அங்க வந்து கேளு” என்றேன்.

“வாரேன். பைக்குல போயிரலாம், நீங்களும் ஏறிக்கிடுங்க. ரெயின்கோட்டு ரெண்டு இருக்கு.” வாசற்படி இறங்கினவன் திரும்பிப் பார்த்தான். “வாசல்லயே எறக்கி விடட்டா மாமா, இல்ல ஒரு ஸ்டாப்பு முந்தியா?”